மூன்று வீடுகளில் வளர்ந்த பட்டன் கல்

1. குடிச்சுக் காட்டு

கடல் தண்ணீர் குடித்துச் சம்பளம் வாங்கிய ஆள் நான். இந்த ஊரில் வேறு யாராவது அப்படி இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துக் கதைக்க வேண்டும்.

கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு மீன் ஏற்றுமதிக் கொம்பனி இருந்தது. கறிக்கு அல்ல, கண்ணாடித் தொட்டிக்குப் போகிற கடல் மீன். பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடித்து, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நான் கொட்டாஞ்சேனைக்காரி. கலியாணம் முடித்த கையோடு அங்கே பக்கிங் மேசையில் சேர்ந்தேன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் கதைப்பேன். வாயும் கொஞ்சம் நீளம். அதைப் பார்த்துவிட்டு முதலாளி பெனடிக்ற் சேர் என்னை சேர்விஸ் வேலைக்குப் போட்டார். கொழும்பில் வீட்டில் கடல் தொட்டி வைத்திருக்கிறவர்களிடம் போய், பழைய தண்ணீரை ஒரு பங்கு இறக்கி, புதிய கடல் தண்ணீர் ஊற்றி, பம்ப் கழுவி, லைட் பார்த்துவிட்டு வருகிற வேலை.

அது யுத்த காலம். கொம்பனித் தண்ணீரைக் கேனில் ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்தால், களனிப் பாலத்தடியில் மறிப்பார்கள். முதல் நாளே மறித்தார்கள்.

"மே மொனவத?" என்று கேட்டார் பொலிஸ்காரர். இது என்னவாம்.

"முஹுது வத்துர, மஹத்தயா," என்றேன். கடல் தண்ணீர்.

அவர் கேனையும் என் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கிற தமிழ்ப் பெண் ஹெந்தளையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கடல் தண்ணீர் கொண்டு போகிறாள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கடல், வெள்ளவத்தைக்குப் பக்கத்திலும் கடல். நான் பொலிஸ்காரராக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"எஹெனங் பீலா பென்னண்ட," என்றார். அப்படியானால் குடித்துக் காட்டு.

குடித்தேன். ஒரு வாய். பெற்றோல் இல்லை, வெடிமருந்துக் கலவை இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு வயிறு அன்று முழுக்க விளங்கிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பாலத்தடியில் புது ஆள் நின்றால் அவர் கேட்க முதலே மூடியைத் திறந்து ஒரு மிடறு விழுங்கிவிடுவேன். இதனால் எனக்கு நாக்கிலேயே உப்பின் அளவு தெரியும் என்று கொம்பனியில் பகிடி பண்ணுவார்கள். அதை நம்ப வேண்டாம். நாக்கு பொய் சொல்லும். ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். முள் 1.025இல் நிற்க வேண்டும்.

2. தவமணி அன்ரி

பட்டன் கல் எப்படி வளர்ப்பது என்று இப்போது பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். புத்தகத்தில் அதற்கு சோவாந்திட் என்று பேர். நாங்கள் பக்கிங் மேசையில் பட்டன் என்போம். கல்லில் சட்டைப் பட்டன் அளவில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருக்கும். மூடியிருக்கும்போது சேற்று நிறத்தில் ஒரு கண்றாவி. விரிந்தால் நடுவில் பச்சை, சுற்றிவரச் செம்மஞ்சள் இதழ். பார்த்தால் பூ. ஆனால் அது உயிர்ப் பிராணி.

எனக்கு அதை வளர்க்கத் தெரிந்தது தவமணி அன்ரியின் தொட்டியால்தான். வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. அன்ரி யாழ்ப்பாணத்து ஆள், பென்சன் எடுத்த ரீச்சர். புருஷன் முன்னமே இறந்துவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் லண்டனில், நடுவிலான் பாரிசில், கடைக்குட்டி ரூபன் கனடாவில். தொட்டி ரூபனுடையது. எங்கள் கொம்பனிக்கு வந்து, நின்று, பார்த்து, ஒரு பட்டன் கல் வாங்கிப் போன பெடியன். ரவுண்டப்பில், அதாவது சுற்றிவளைப்பில், அவனை இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டுவிட்டார்கள். மூன்றாம் தரம் வரைக்கும் பொறுக்க வேண்டாம் என்று அன்ரி காணியை விற்று அவனை ஏஜென்சிக்காரன் மூலம் அனுப்பிவிட்டா. தொட்டி இங்கேயே நின்றுவிட்டது.

நான் முதல் தரம் போனபோது வாசலிலேயே கேள்வி தொடங்கிவிட்டது.

"கடல் வாசலில கிடக்குது. நீ ஹெந்தளையில இருந்து கண்டறியாத தண்ணி காவிக்கொண்டு வாறாய். உனக்கென்ன விசரே பிள்ளை?"

"அன்ரி, இங்க வாய்க்கால் தண்ணி முழுக்கக் கடல்லதான் விழுது. அந்தத் தண்ணிய ஊத்தினா பட்டன் ஒரு கிழமை தாங்காது. அதோட, வாளியத் தூக்கிட்டுக் கடற்கரைக்குப் போனா நேவிக்காரன் என்னத்தான் வாளியில போடுவான்."

அன்ரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. பாசி பிடித்திருக்கிறது, கல்லை வெளியே எடுத்துக் கொதி தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டா. கேத்திலும் கையில் இருந்தது. நான் கத்திவிட்டேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகளும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டனுக்குள் நஞ்சு இருக்கிறது. கொதி தண்ணீர் பட்டால் அது ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். வெட்டினால் பீறி அடிக்கும். கையுறை இல்லாமல் தொடாதே. கண்ணாடி போடாமல் வெட்டாதே. அந்தக் கை பட்ட தண்ணீரை வாயில் வைக்காதே. பெனடிக்ற் சேர் எங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லித் தந்த முதல் பாடம் அது.

மற்றதெல்லாம் அவ்வளவு கஷ்டம் இல்லை. தண்ணீர் மெல்ல ஓட வேண்டும், பம்ப்பை நேரே அதன் முகத்துக்குப் பிடிக்கக் கூடாது. லைட் மேலே வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. கொழும்பு வெக்கைக்குத் தொட்டிக்கு மேல் ஒரு சின்ன ஃபேன். ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும். குறைகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், கடல் தண்ணீர் அல்ல. ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். சாப்பாடு கொடுக்கிறேன் என்று நண்டும் இறாலும் அரைத்துக் கொட்டாதீர்கள். அதற்கு வெளிச்சம்தான் சோறு.

அன்ரி எல்லாவற்றையும் ரீச்சர் மாதிரிக் கேட்டா, பிள்ளை மாதிரிச் செய்தா. ஏன் இவ்வளவு கவனம் என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளங்கியது. பம்ப் பழுதென்று அவசரமாகக் கூப்பிட்டுப் போயிருந்தேன். டெலிபோன் அடித்தது. ரூபன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான்.

"ஓம் ராசா. விரிஞ்சிருக்கு. முன்னுக்கு நாலு புதுசா வந்திருக்கு... ஓம், செம்மஞ்சள் தான்... நீல லைட் மாத்தினது... எப்ப வாறாய்?... சரி, சரி. வை."

"வேற ஒண்டும் கதைக்க இல்லையா அன்ரி?" என்று கேட்டேன்.

"என்னத்தைக் கதைக்கிறது? போனில ஆர் கேக்கிறான் ஆருக்குத் தெரியும். இஞ்ச ஆரைப் பிடிச்சவை, எங்க வெடிச்சது எண்டு சொல்ல ஏலுமே? அவனும் அங்க தன்ர அகதிக் கேஸ் என்னெண்டு சொல்ல மாட்டான். பூவைக் கதைச்சால் ஒருத்தனுக்கும் ஒண்டும் விளங்காது. எங்களுக்கு விளங்கும்."

பிறகு தனக்கே சொல்வதுபோல, "இந்தப் பூ இல்லாட்டி எனக்கும் அவனுக்கும் கதையில்லை பிள்ளை," என்றா. நான் குனிந்து பம்ப்பைக் கழற்றிக் கழுவினேன்.

3. சனிக்கிழமை மூடின பூ

ஒருநாள் அன்ரி போன் பண்ணினா. சனிக்கிழமை காலையில் பூ மூடிக் கிடக்கிறது, திங்கள் மட்டில் மெல்ல விரிகிறது, அடுத்த சனி மறுபடி மூடுகிறது. ஒவ்வொரு தரமும் ஓரத்தில் சில பட்டன் கரைந்து போகிறது. நான் போகிற நாள் செவ்வாய். செவ்வாயில் அது பல்லைக் காட்டிக்கொண்டு விரிந்து நிற்கும், ஒன்றும் தெரியாத பூனை மாதிரி.

உப்பு பார்த்தேன், சரி. நைட்ரேற் பார்த்தேன், சரி. பட்டன் தின்னுகிற பூச்சி இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. பெனடிக்ற் சேரிடம் சொன்னேன்.

"ஜசிந்தா, அத எப்படியாவது காப்பாத்து," என்றார் சேர். அவர் ஹெந்தளைக் கத்தோலிக்கர், தமிழும் சிங்களமும் ஒரே வாயில் வரும். "எங்கட டைவர் ஆக்களுக்கு நேவி பாஸ் குடுக்கிறதில்ல இப்ப. கடல்ல இறங்க விடமாட்டான். அந்தச் செம்மஞ்சள் கலர் ஸ்டொக்கில ஒண்டும் இல்ல. அது போனா போனதுதான். அந்த மனுசிக்கு வேற ஒண்டு குடுக்க என்னட்ட இல்ல."

அந்த ஞாயிறு ரூபன் எடுத்தபோது அன்ரி தொட்டிப் பக்கம் திரும்பாமலே "விரிஞ்சிருக்கு" என்று சொன்னாவாம். பிறகு என்னிடம் சொல்லி அழுதா. "முப்பது வரியம் பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதை எண்டு படிப்பிச்சனான்."

அடுத்த செவ்வாய் வீதியை மூடிவிட்டார்கள், எனக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் போனேன். கதவு திறந்தவுடன் மூக்கில் அடித்தது சாம்பிராணி. வீடு முழுக்கப் புகை. அன்ரி தூபக்காலோடு அறை அறையாகப் போய், சாமிப் படத்துக்குக் காட்டி, புருஷனின் படத்துக்குக் காட்டி, கடைசியில் அதைத் தொட்டியின் ஸ்ராண்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தா. பக்கத்தில் எயார் பம்ப். வெளியே இருக்கிற காற்றை உறிஞ்சித் தொட்டிக்குள் குமிழியாக விடுகிற சாமான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை ரெஸ்ற் பண்ணினேன், எத்தனை ரோர்ச் அடித்தேன்.

"அன்ரி, அங்க ஏன் வைக்கிறீங்க?"

"வேற எங்க வைக்கிறது? இது அவன்ர தொட்டி. ஊரெல்லாம் காட்டிப்போட்டு அவன்ர சாமானுக்குக் காட்டாமல் விடுறதே?"

"எப்பவும் வைக்கிறதா?"

"அவன் போன நாள் தொடக்கம்."

அப்படியென்றால் முன்னெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? சன்னலைப் பார்த்தேன், விடை கிடைத்தது. கொஞ்ச நாள் முன்பு பக்கத்து வீதியில் குண்டு வெடித்தபோது கண்ணாடி முழுக்கப் போய்விட்டது. வீட்டுக்காரன் ஒட்டுப்பலகை அடித்து மூடியிருந்தான். முன்பு புகை கடல் பக்கமாக வெளியே போய்விடும். இப்போது போக வழியில்லாமல் பம்ப்புக்குள் போனது.

விஷயத்தைச் சொன்னேன். அன்ரியின் முகம் சிவந்தது.

"சாம்பிராணியை நிப்பாட்டச் சொல்லுறியோ? நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு உது விளங்காது."

"அன்ரி, கத்தோலிக்கர் நாங்களும் கோயில்ல தூபம் போடுறதுதான். ஆனா மீன் தொட்டிக்குள்ள போடுறதில்ல. உங்களுக்கு விருப்பமான அளவு காட்டுங்க. நான் பம்ப்ப மாத்துறேன்."

நீளமான ரியூப் ஒன்று வாங்கி, பம்ப்பைக் குசினிக்கு வெளியே பல்கனியில் தூக்கி வைத்தேன். தொட்டிக்குள் ஒரு பை சிரட்டைக் கரி, காபன் என்று விற்பார்களே, அதைப் போட்டேன். தண்ணீரில் கரைந்த அழுக்கை அது இழுக்கும். சாம்பிராணி வெள்ளிக்கு வெள்ளி நடந்தது. பட்டன் மூடவில்லை.

ஆனால் கல்லில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டியில் நோய், வருத்தம் என்றால் தண்ணீரை மட்டும் பார்க்காதே, வீட்டையும் பார். கொசுவர்த்தி, பெயின்ற், சாம்பிராணி, தாளிக்கிற புகை, எல்லாம் பம்ப் வழியாக உள்ளே போகும்.

4. கத்தி

மிஞ்சிய பாதி மெல்லப் பெருகியது. கல்லின் வெறும் பக்கத்துக்கும் ஏறத் தொடங்கியது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அன்ரி, இதில ரெண்டு துண்டு வெட்டி எடுக்கணும். ஒண்டு எங்க வீட்டுத் தொட்டிக்கு. ஒண்டு ஹெந்தளைக்கு. ஒரே தொட்டியில இருக்கிற சாமானும் இல்லாத சாமானும் ஒண்டுதான். நாளைக்குக் கரண்ட் போனா எல்லாம் போகும்."

அன்ரியின் குரல் உயர்ந்தது.

"மூண்டு பிள்ளையள் மூண்டு நாட்டில கிடக்குதுகள். மூண்டும் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டு எத்தினை வரியம் எண்டு உனக்குத் தெரியுமே? ஒண்டா இருக்கிறது எண்டு இந்த வீட்டில இந்தக் கல் ஒண்டுதான். இதையும் துண்டு துண்டா வெட்டி அனுப்பச் சொல்லுறாய்."

நான் பொறுமைசாலி இல்லை. அது என் புருஷனுக்கும் தெரியும், கடவுளுக்கும் தெரியும்.

"பிள்ளைங்கள ஏன் அனுப்பினீங்க அன்ரி?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அன்ரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. துரத்திவிடப் போகிறா என்று நினைத்தேன். குசினிக்குப் போனா. பிளேன் ரீ ஊற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தா.

"குடிச்சிட்டு வெட்டு," என்றா.

அடுத்த செவ்வாய் சாமானோடு போய் வெட்டினேன். முறையைச் சொல்கிறேன். கையுறை, கண்ணாடி. கல்லை ஒரு பேசினில் தொட்டித் தண்ணீரில் வைத்து வெட்ட வேண்டும். பட்டனை அதன் வயிற்றில் வெட்டக் கூடாது. கீழே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பாய் போன்ற தோல் ஒன்று இருக்கும். அதைக் கல்லின் ஒரு செதிலோடு சேர்த்து மெல்லிய உளியால் பெயர்க்க வேண்டும். புதிய கல்லைத் துடைத்து, சுப்பர் குளூ களி ஒரு சொட்டு, அதன்மேல் துண்டை வைத்துக் கொஞ்சம் அமத்த வேண்டும். வெட்டின தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

அன்ரி தள்ளி நின்று எல்லாம் பார்த்தா. ஒட்டி முடித்த துண்டைக் காட்டி, "பிடிச்சிட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும்? ஆட்டிப் பாக்கிறதோ?" என்று கேட்டா.

"ஆட்டவே கூடாது. ஆட்டி ஆட்டிப் பார்த்தா ஒருநாளும் பிடிக்காது. அதுபாட்டுக்கு விட்டுடணும். அது புதுக் கல்லுல தானா ஏறும்."

ஒரு துண்டு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சின்னத் தொட்டிக்கு வந்தது. ஒன்று ஹெந்தளைக்குப் போனது. பெரிய பங்கு அன்ரியிடம் இருந்தது. கொஞ்ச நாள் மூன்று வீட்டிலும் சுகமாக இருந்தது.

5. ரெஜிபோம் பெட்டி

பிறகு அன்ரியின் ஒழுங்கைக்குக் கிட்ட மறுபடி குண்டு வெடித்தது. யாருக்காக வைத்தது, யார் வைத்தது என்று நான் எழுத வரவில்லை. ஒழுங்கையை மூடினார்கள். கரண்ட் கம்பம் சரிந்து விட்டது. அன்ரியை ஹெவ்லொக் டவுனில் இருந்த அவவின் தங்கச்சி வந்து கூட்டிக்கொண்டு போனா. சில நாள் கழித்துத் திரும்பிப் போக விட்டபோது நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தவுடன் நாற்றம். பம்ப் இல்லை, ஃபேன் இல்லை, லைட் இல்லை. தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. கல்லில் ஒரு பட்டன்கூட இல்லை.

அன்ரி அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வாளி எடுத்து வந்து என்னோடு சேர்ந்து தண்ணீர் அள்ளினா.

தொட்டியைக் கழுவி, ஹெந்தளைத் தண்ணீர் நிரப்பி, எங்கள் கொம்பனிக் கல் போட்டு ஓட விட்டேன். உடனே பட்டன் வைக்க முடியாது. புதுத் தண்ணீரில் அமோனியா ஏறி இறங்கி ஒழிய வேண்டும். பொறுமை இல்லாத நானே அந்த இடத்தில் பொறுத்துத்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு ஞாயிறும் ரூபன் எடுத்தான். லைட் பழுது, கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடி போடவில்லை என்று அன்ரி சாக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனா.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் போன் பண்ணினா. "இனி என்னால ஏலாது பிள்ளை. அவனுக்கு விளங்கியிட்டுது போல. போன கிழமை பூவைக் கேக்கேல்லை, சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நிண்டவன். வாற ஞாயிறு நான் போனை எடுக்காமல் விடப்போறன்."

"எடுக்காம விட்டுடாதீங்க. அமோனியா சரியாகிட்டுது. நாளைக்குக் கொண்டு வாறேன்," என்றேன்.

ஹெந்தளைத் துண்டு இன்னும் சின்னது. எங்கள் வீட்டுத் துண்டு நன்றாகப் பரந்திருந்தது. சனிக்கிழமை காலையில் அதைப் பெயர்த்து, இரட்டைப் பையில் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் வைத்து, பஸ் ஏறினேன். கேன் இல்லை, கொம்பனி வண்டி இல்லை, என் சொந்த வேலை.

கோட்டைப் பக்கம் செக்பொயின்றில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி, பையோடு நடந்து அந்தப் பக்கம் ஏற வேண்டும். பெண்களைப் பார்க்கப் பொலிஸ் பெண் ஒருத்தி நின்றா. பெட்டியைத் திறக்கச் சொன்னா. பைக்குள் மங்கலான தண்ணீர், சேற்று நிறத்தில் ஒரு கல்.

"மே மொனவத?"

"முஹுது வத்துர, மிஸ்."

"பீலா பென்னண்ட."

எத்தனையோ தரம் யோசிக்காமல் குடித்திருக்கிறேன். ஆனால் இது சற்று முன் பெயர்த்த பட்டன் கிடக்கிற தண்ணீர். குடித்தால் செத்துப்போவேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. எங்கள் கொம்பனியில் குடித்துப் பார்த்த ஆள் எவரும் இல்லை. குடிக்காமல் காரணம் சொல்வதென்றால் நஞ்சு என்று சொல்ல வேண்டும். சிங்களத்தில் வஸ. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் செக்பொயின்றில் நின்று வாயால் எடுக்கக் கூடாத சொல் ஒன்று இருந்தால், அதுதான்.

"பே, மிஸ்," என்றேன். முடியாது. என் வாழ்க்கையில் செக்பொயின்றில் முடியாது என்று சொன்னது அன்றுதான்.

அவவுடைய முகம் மாறியது. சார்ஜனைக் கூப்பிட்டா. என்னுடைய பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. சார்ஜன் வந்து, ஏன் குடிக்க முடியாது என்று கேட்டார்.

வயிற்றுக்கு நல்லதில்லை என்றேன். உள்ளே இருப்பது உயிருள்ள சாமான், பூ மாதிரி விரியும், ஒரு வயதான அம்மாவின் தொட்டிக்குக் கொண்டு போகிறேன் என்றேன்.

"மல்?" என்றார் சார்ஜன். பூவா? குனிந்து பார்த்தார். "மே மலக் நெவெய், கலக்." இது பூ இல்லை, கல்.

மூடியிருக்கிற பட்டனைப் பார்த்து யாரும் பூ என்று சொல்ல மாட்டார்கள். நான் முதலிலேயே சொன்னேன், ஒரு கண்றாவி.

"இருக்க விடுங்க சேர், விரியும்," என்றேன் சிங்களத்தில்.

"ஹரி. மல் பென்னண்ட." பூவைக் காட்டு. விரியாவிட்டால் பெட்டியோடு ஸ்ரேசனுக்கு.

பையில் இருந்த தண்ணீரைக் கல்லோடு பெட்டிக்குள்ளேயே ஊற்றி, மணல் மூட்டைக்குப் பக்கத்தில், வெயில் விழாமல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். என்னைப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பட்டனுக்குப் பயம் காட்டினால் மூடிக்கொள்ளும், கிட்டப் போய் எட்டிப் பார்த்தாலும் மூடும். பொலிஸ்காரர்களையே தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை. சொன்னேன். அந்தப் பெண் என்னை முறைத்தாலும் தள்ளித்தான் நின்றா. தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரிடம் நான் பூவை விரித்துத் தரச் சொல்லிக் கேட்டது அன்றுதான். அவருக்கும் புது வேலை.

பஸ்கள் வந்து போயின. சனம் இறங்கி என்னைப் பார்த்து, பார்க்காத மாதிரி நடந்தது. நான் அன்ரியின் டெலிபோனையே நினைத்துக்கொண்டு இருந்தேன். இந்தப் பெட்டி இங்கே கவிழ்ந்தால் நாளைக்கு அது அடித்து அடித்து ஓயும்.

முதலில் ஓரத்தில் ஒன்று வாயைத் திறந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. வெயில் கொஞ்சம் நகர்ந்த பிறகு பார்த்தால் பாதிக் கல் பச்சையும் செம்மஞ்சளுமாக நின்றது.

"மிஸ்," என்று மெல்லக் கூப்பிட்டேன்.

அவ வந்து குனிந்து பார்த்தா. சார்ஜனையும் கூப்பிட்டுக் காட்டினா. அவர் அடுத்த தரம் கொம்பனிக் கடிதம் கொண்டு வா என்றார். "யண்ட," என்றார். போகலாம். நான் மூடியைப் போட்டுத் தூக்கும்போது அந்தப் பெண் பின்னால் வந்து, "மே பத் கனவத?" என்று கேட்டா. இது சோறு தின்னுமா?

வெளிச்சம்தான் சாப்பாடு என்றேன். நம்பாமல் தலையாட்டினா.

6. ஞாயிற்றுக்கிழமை

சனி பின்னேரம் கல்லைத் தொட்டியில் வைத்துவிட்டு, ஞாயிறு பூசை முடித்து மறுபடி அன்ரி வீட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருக்க முடியவில்லை, போனேன். கல் முழுக்க விரிந்திருந்தது.

டெலிபோன் அடித்தது. அன்ரி என்னை ஒருக்கா, தொட்டியை ஒருக்கா பார்த்துவிட்டு எடுத்தா.

"ஓம் ராசா... இல்லையடா. அது செத்துப்போச்சு. எல்லாம் செத்துப்போச்சு. கன நாள். நான் உனக்குப் பொய் சொன்னனான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

"பொறு, சொல்லுறன். அதுக்கு முன்னம் அதில ஒரு துண்டை வெட்டிக் கொட்டாஞ்சேனையில வளத்தது. ஓம், ஜசிந்தா வீட்டில. அது நேற்று வந்திட்டுது. அதே பூ தான். இப்ப விரிஞ்சு நிக்குது... ஓம், வெட்டச் சொன்னது நான் தான். வெட்டினபடியால் தான் இருக்கு."

பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றா. அவன் அழுதிருப்பான் என்று நினைக்கிறேன். அன்ரியின் கண்ணிலும் தண்ணீர். அவ வழமையாக "எப்ப வாறாய்?" என்று கேட்டுத்தான் போனை வைப்பா. நான் அதற்காகக் காத்துக்கொண்டு இருந்தேன்.

"ரூபன், நான் இனி எப்ப வாறாய் எண்டு கேக்க மாட்டன்," என்றா. "சும்மா ஆட்டி ஆட்டிப் பாத்தால் பிடிக்காதாம். நீ அங்கயே நல்லாப் பிடிச்சுக்கொள் ராசா. இஞ்சத்தைப் பூவை நான் பாப்பன்."

போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், பிளேன் ரீ போடு," என்றா. போட்டேன். சீனி கூடிப்போனது. இருவரும் குடித்தோம்.

யுத்தம் முடிவதற்கு முன்பே அன்ரி லண்டனுக்கு மகளிடம் போனா. கல்லை என்னிடம் தந்துவிட்டுப் போனா. இப்போது பட்டன் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சும்மாதான் கொடுக்கிறேன், ஆனால் கையுறை இல்லாமல் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். தண்ணீர், லைட், உப்பு எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, அதைப் படியுங்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாடம். நன்றாக வளர்ந்து கல் நிறைந்து நிற்கிறதே, அந்த நாளில்தான் வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். வருத்தம் வந்த பிறகு வெட்ட ஒன்றும் இருக்காது. அந்தச் செம்மஞ்சள் பட்டன் இன்றைக்கு வெள்ளவத்தையில் இருக்கிறது, களனியில் இருக்கிறது, ஹெந்தளையில் இருக்கிறது. எத்தனை வீட்டில் என்று எனக்கே இப்போது கணக்கில்லை.